பசியும் பழியும்

இங்கிலாந்தில் ஒரு குழந்தை அளவு மீறி எடை போட்டுக்கொண்டே போனால், விரல் முதலில் நீள்வது பெற்றோரை நோக்கித்தான். என்ன போட்டு வளர்க்கிறீர்கள், இவ்வளவு தின்ன ஏன் விடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சில வீடுகளில் விசாரணை அந்தக் கேள்விகளோடு நிற்கவில்லை. பெற்றோரே ஊட்டி ஊட்டிப் பிள்ளையைக் கெடுக்கிறார்கள் என்று சமூக நலத் துறையினர் முடிவுகட்டினார்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர் ஏறியது.

2009 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சதஃப் ஃபரூக்கியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்ன வயதிலேயே மிகப் பருமனாகிவிட்ட 300 குழந்தைகளின் மரபணுக்களை அவர்கள் அலசியிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு 16ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டே இல்லை. அந்தத் துண்டில் இருக்க வேண்டிய மரபணுக்களில் ஒன்று, உடலில் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்ற செய்தியை மூளை ஏற்க உதவுவது. அது இல்லாத பிள்ளைக்குப் பசி அடங்குவதே இல்லை. ஆய்வில் இருந்த பிள்ளைகளில் சிலர் அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள். காரணம் தெரிந்த பிறகு அவர்களுடைய பெயர்கள் நீக்கப்பட்டன.

அந்தத் தாய் தகப்பன்மார்களை ஓர் ஆய்வுக்கூட முடிவு காப்பாற்றியது. 120 கிலோ, 150 கிலோ எடையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு முடிவு கிடைப்பதில்லை. அவர்கள் பழியோடுதான் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள், பழியோடுதான் திரும்பி வருகிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் அவர்களைத் துரத்துகிறது. தானே தின்று கொழுத்தவருக்கு ஆகும் வைத்தியச் செலவை மற்றவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

இதைக் கல்நெஞ்சக்காரர்கள் மட்டுமே கேட்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வரிப்பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரியிலும் சரி, எல்லோரும் பிரீமியம் கட்டி நடத்தும் காப்பீட்டிலும் சரி, ஒருவருடைய பில்லைப் பலரும் பங்கு போட்டுத்தான் கட்டுகிறோம். விடியற்காலையில் எழுந்து நடந்து, இனிப்பைத் தொடாமல் வாயைக் கட்டி வாழ்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆகவே அவருக்குச் சொல்லும் பதில் இரக்கத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உடல் எப்படி இயங்குகிறது என்பதையும், பணம் உண்மையில் எங்கே போகிறது என்பதையும் அவர் முன் எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் உடலைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்குள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்காகவே எலிகளை வளர்க்கிறார்கள். 1949இல் அங்கே ஓர் எலிக் குடும்பத்தில் சில குட்டிகள் மட்டும் உருண்டு திரண்டு வளர்ந்தன. தின்பதை அவை நிறுத்துவதே இல்லை. 1960களில் அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வகைக் குண்டு எலி பிறந்தது. அதற்கு நீரிழிவும் கடுமையாக இருந்தது. பார்ப்பதற்கு இரண்டு வகையும் ஒன்றுதான். இரண்டுக்கும் கோளாறும் ஒன்றுதானா என்று அறிய விரும்பினார் டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர்.

அவர் செய்த சோதனையைக் கேட்டால் மனம் கொஞ்சம் கூசும். இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைக் கீறி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவார். சில நாளில் காயம் ஆறும்போது சிறு ரத்தக் குழாய்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். ஓர் எலியின் ரத்தத்தில் இருப்பது மற்றதற்கும் போய்ச் சேரும்.

நீரிழிவு உள்ள குண்டு எலியை ஒரு சாதாரண எலியோடு தைத்தார். குண்டு எலி வழக்கம்போல் தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒட்டியிருந்த சாதாரண எலியோ தின்பதை நிறுத்தியது. கண்ணெதிரே தீனி இருக்க, பட்டினியாகவே செத்துப்போனது. அடுத்து, முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு தைத்தார். இந்த முறை யாரும் சாகவில்லை. குண்டு எலி முன்பைவிடக் குறைவாகத் தின்று இளைத்தது. கடைசியாக இரண்டு குண்டு எலிகளையும் ஒன்றாகத் தைத்தார். நீரிழிவு எலி தின்றுகொண்டே இருக்க, மற்றது பட்டினியில் மடிந்தது.

கோல்மன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலியால் அதைச் சுரக்க முடியவில்லை. இரண்டாம் வகை எலி அதை ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்பதில்லை. பலர் இதை நம்பவில்லை. உடல்பருமன் என்பது நடத்தை சம்பந்தப்பட்டது, ரத்தத்தில் ஓடும் பொருளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் அந்தப் பொருளுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார். அந்தப் பொருளின் பெயர் லெப்டின். நம் கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன. உடலில் கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும், அதைக் கண்டு மூளை பசியைத் தணிக்கும்.

எலிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்குமா? மூன்றே ஆண்டுகளில் பதில் கிடைத்தது. 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியும் ஃபரூக்கியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூத்தது ஒரு சிறுமி. 8 வயதில் 86 கிலோ. எடை தாங்காமல் கால்கள் கெட்டு, அறுவைச் சிகிச்சை வரை போயிருந்தது. இருவர் ரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சிறுமிக்கு லெப்டினை ஊசி வழியாகத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் 16 கிலோ குறைந்தது, ஏறக்குறைய அத்தனையும் கொழுப்பு. இதே குறைபாடு உள்ள இன்னொரு சிறுவன் 3 வயதில் 42 கிலோ இருந்தான். ஊசி ஆரம்பித்த பிறகு, 7 வயதில் அவன் எடை 32 கிலோ. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் மன உறுதியைப் பற்றிப் புத்திமதி சொல்லவில்லை. இல்லாததைக் கொடுத்தார்கள், பசி அடங்கியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்படி லெப்டினே இல்லாமல் பிறப்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். பருமனான மற்றவர்களுக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதற்குச் சரியாகச் செவி கொடுப்பதில்லை. அதனால்தான் லெப்டின் ஊசி எல்லோருக்குமான மருந்தாகவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகள் நமக்குக் காட்டிய உண்மை எல்லோருக்கும் பொருந்தும். எவ்வளவு சாப்பிடுவது என்பது நாம் முழு நினைவோடு எடுக்கும் முடிவு என்று எண்ணுகிறோம். அந்த முடிவின் பெரும்பகுதி மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதியில் நம்மைக் கேட்காமலே எடுக்கப்படுகிறது. மூச்சை அடக்குவதுபோலத்தான் இதுவும். கொஞ்ச நேரம் நம் கையில் இருக்கும், பிறகு உடல் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

ஆளுக்கு ஆள் இது எவ்வளவு மாறுபடும்? கனடாவில் கிளாட் பூஷார் என்பவர் ஒரு சோதனை செய்தார், 1990இல் வெளியானது. உருவொத்த இரட்டையர்களான இளைஞர்கள், 12 ஜோடிகள். 100 நாள் கண்காணிப்பில் வைத்து, அவற்றில் 84 நாள் தேவைக்கு மேல் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல். முடிவில் ஒருவருக்கு 4 கிலோ சொச்சம் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஒரே கருவில் பிறந்த இருவருக்குள் வித்தியாசம் குறைவாகவே இருந்தது. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு எழும் இருவரில் ஒருவர் ஒல்லியாகவே இருப்பதும் மற்றவர் ஊதுவதும் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். ஒல்லியானவர் அதைத் தன் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்கிறார். பாதிக்கு மேல் அது அவருக்குப் பிறப்பில் வாய்த்தது.

சரி, எல்லாம் மரபணு என்றால் 50 ஆண்டுகளுக்கு முன்னால் இவ்வளவு பேர் பருமனாக இல்லையே? நியாயமான மறுப்பு. இத்தனை குறுகிய காலத்தில் மனித மரபணு மாறிவிடாது. உலகில் இன்று உடல்பருமனோடு வாழ்பவர்கள் 100 கோடிக்கும் அதிகம். 2022 கணக்குப்படி 88 கோடி பெரியவர்கள், 16 கோடிக் குழந்தைகள். மாறியது நம்மைச் சுற்றி இருப்பவை: உணவு, வேலை, தூக்கம், போக்குவரத்து.

உணவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 பேரை ஆய்வு வளாகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திப் பொட்டலமாக வரும் உணவும் இரண்டு வாரம் சமையலறையில் புதிதாகச் செய்த உணவும் கொடுத்தார். இரண்டு உணவிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். அதே ஆட்கள் பொட்டல உணவு வாரங்களில் நாளுக்கு 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். மெல்வதற்கு மெத்தென்று இருந்தது, வேகமாக உள்ளே போனது, போதும் என்ற செய்தி மூளைக்கு எட்டுவதற்குள் தட்டு காலி. இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். உணவு மாறியதும் அந்த ஒரு கிலோ இறங்கியது. அந்த 20 பேரின் ஒழுக்கம் மாதத்துக்கு இருமுறையா மாறியிருக்கும்?

எளிதில் ஏறும் உடலோடு பிறந்தவர், எளிதில் ஏற்றிவிடும் உணவு மலிந்த காலத்தில் வாழ்கிறார். அதீத உடல்பருமன் பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உண்டாகிறது.

'ஏறியது எப்படியோ ஏறிவிட்டது, இறக்குவதாவது அவர் கையில் இல்லையா' என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனில் 2 லட்சத்து 78 ஆயிரம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கணக்கு வெளியானது. உடல்பருமனின் தொடக்க நிலையில் உள்ள ஆண் ஒருவர் ஓராண்டில் இயல்பான எடைக்குத் திரும்பும் வாய்ப்பு 210இல் ஒன்று, பெண்ணுக்கு 124இல் ஒன்று. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 40க்கும் 45க்கும் இடையில் இருப்பவர்களில் ஆணுக்கு 1,290இல் ஒன்று, பெண்ணுக்கு 677இல் ஒன்று. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 102 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 40. அந்த ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேர் முயலாமல் இருந்திருப்பார்கள்? மிகப் பருமனான ஒருவரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். காலை வெந்நீரும் எலுமிச்சையும், இரவுப் பட்டினி, ஜிம், பேலியோ, கொள்ளுக் கஞ்சி என்று அவர் செய்து பார்த்தவற்றின் பட்டியல் நீளும். 10 கிலோ இறக்கியிருப்பார், 12 கிலோ ஏறியிருக்கும்.

திரும்ப ஏறுவதற்கும் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிரியா சுமித்ரனும் சகாக்களும் 50 பேருக்குப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாடு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். லெப்டின் சரிந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் மறையவில்லை, அவர்களுக்கு முன்பைவிட அதிகமாகப் பசித்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் பரிசோதித்தார். பெரும்பாலோருக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. அவர்களுடைய உடல் சும்மா இருக்கையில் எரிக்க வேண்டிய சக்தியைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்தது. இழந்த எடையை மீட்க உடல் வருடக்கணக்கில் பாடுபடுகிறது. பஞ்சத்தில் பிழைத்தவர்களின் வாரிசுகள் நாம். அந்த எச்சரிக்கை நமக்குள் ஊறிக் கிடக்கிறது.

திட்டினால் திருந்துவார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 6,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், எடையைக் காட்டி இழிவாக நடத்தப்பட்டவர்கள் பிற்பாடு பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு இருந்தது. அவமானத்துக்குப் பயந்து அவர்கள் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் உண்டு. தள்ளிப்போட்ட நோய் முற்றிய பிறகு வருகிறது. அப்போது செலவும் கூடுகிறது.

இனி பணத்துக்கு வருவோம்.

2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க் பகுதியில் அரசு மருத்துவச் சேவைக்குப் பணம் ஒதுக்கும் குழு ஒன்று, நிதி நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பி.எம்.ஐ. 30க்கு மேல் இருப்பவர்களுக்கு அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் ஓராண்டு வரை தள்ளிவைக்கப்படும். அதற்குள் எடையில் பத்து சதவீதம் குறைத்தால் முன்கூட்டியே செய்வார்கள். புகைப்பவர்களுக்கும் இதுபோலவே ஒரு காத்திருப்பு. அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கமான ராயல் காலேஜ் கடுமையாக எதிர்த்தது. தேசிய அளவிலான நிர்வாகம் தலையிட்டு அதை நிறுத்திவைக்கச் சொன்னது.

அந்த அறிவிப்பு ஒரு மனிதரிடம் போய்ச் சேரும்போது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் தேய்ந்த ஒருவர். மாடிப்படி ஏற முடியாது, கடைக்குப் போய்வர முடியாது, இரவில் புரண்டு படுத்தால் வலியில் விழிப்பு வந்துவிடும். மூட்டு மாற்றினால் நடக்கலாம், நடந்தால் எடை குறையலாம். அவரிடம் எடையைக் குறைத்துவிட்டு வா, பிறகு மூட்டு மாற்றுகிறோம் என்கிறார்கள். பருமனான உடலில் மயக்க மருந்து கொடுப்பது சிரமம், தையலில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம் என்பதெல்லாம் உண்மை. அதை ஒரு சர்ஜன் ஒரு நோயாளியைப் பார்த்து எடை போட்டுச் சொன்னால் அது மருத்துவம். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்பதற்காக ஓர் ஊரில் உள்ள பருமனானவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொன்னால் அது தண்டனை.

பருமனானவர்களால் உண்மையில் எவ்வளவு கூடுதல் செலவு? நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் வான் பால் 2008இல் ஒரு கணக்கு போட்டார். 20 வயதிலிருந்து சாகும்வரை ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவு எவ்வளவு என்பது கேள்வி. பருமனானவருக்கு 2,50,000 யூரோ, புகைப்பவருக்கு 2,20,000 யூரோ, ஒல்லியாகவும் புகைக்காமலும் வாழ்பவருக்கு 2,81,000 யூரோ. ஆக, அதிகம் செலவு வைப்பவர் ஆரோக்கியமானவர்தான். அவர் சராசரியாக 84 வயது வரை வாழ்கிறார், பருமனானவர் 80, புகைப்பவர் 77. கூடுதலாக வாழும் முதுமையில் மறதி நோய், இடுப்பு முறிவு, படுக்கையில் பராமரிப்பு என்று செலவு சேர்ந்துகொண்டே போகிறது.

இதை வைத்து உடல்பருமனால் நாட்டுக்கு லாபம் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். 56 வயது வரை ஆண்டுச் செலவு பருமனானவர்களுக்குத்தான் அதிகம் என்று அதே கணக்கு சொல்கிறது. வேலையிழப்பும் வலியும் அதில் சேரவில்லை. நான்கு ஆண்டு ஆயுளை இழப்பதற்கு விலை போட முடியாது. நான் சொல்ல வருவது வேறு. 'அவர்கள் நம் பணத்தைத் தின்கிறார்கள்' என்ற புகார் கணக்கில் நிற்கவில்லை. செலவு வைப்பது குற்றம் என்றால் நீண்ட நாள் வாழ்வதும் குற்றமாகிவிடும். கால்பந்து ஆடி முழங்கால் தசைநார் அறுந்தவருக்கும், ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவருக்கும், மலையேறப் போய்ச் சறுக்கியவருக்கும் யாரும் பழியைக் காட்டி ஆபரேஷனைத் தள்ளிவைப்பதில்லை. பழி கண்ணுக்குத் தெரியும் உடல்மீது மட்டும்தான் விழுகிறது.

சிகிச்சை என்ன செய்யும் என்பதற்கு வருவோம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் 4,047 பேர். பாதிப் பேர் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை. ஆலோசனை மட்டும் பெற்றவர்களின் சராசரி எடை 15 ஆண்டுகளில் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் நீரிழிவு இருந்தோரில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் அது விலகியது. பத்தாம் ஆண்டில் அந்த விகிதம் 36 ஆகக் குறைந்திருந்தது. ஆயுள் சராசரியாக மூன்று ஆண்டு நீண்டது.

இந்த அறுவைச் சிகிச்சையைக் குறுக்கு வழி என்று சொல்பவர்கள் அது எப்படி என்பதைப் பார்த்ததில்லை. இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம்போல் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுகிறது. முதல் வாரங்களில் தண்ணீரையே மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த உணவு என்று மெல்லப் பழக வேண்டும். ஒரு கவளம் கூடிப்போனால் நெஞ்சடைத்து வாந்தி. பி12, இரும்புச் சத்து போன்ற மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. இதற்குச் சம்மதிப்பவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஊசி மருந்துகள் வந்தபின் இந்த விவாதம் இன்னொரு திருப்பம் கண்டது. செமாகுளுட்டைட் வாரம் ஒருமுறை போடும் ஊசி. 1,961 பேரிடம் நடந்த சோதனையில் 68 வாரத்தில் எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. 17,604 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. ஊசி போட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: தலைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது. நிறுத்தினால்? ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதும் இப்படித்தான், அதற்காக யாரும் பிரஷர்காரரைத் திட்டுவதில்லை. ஆனால் ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்துக்கு யார் பணம் கட்டுவது? அமெரிக்காவில் முதியோர் காப்பீடான மெடிகேரின் மருந்துத் திட்டத்தை உருவாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், எடைக் குறைப்பு மருந்துகளை விலக்கி வைத்தது. இந்தியாவில் 2025 மார்ச்சில் இதேபோன்ற இன்னொரு ஊசியான டிர்செபடைட் விற்பனைக்கு வந்தபோது மாதச் செலவு 14,000 ரூபாயிலிருந்து ஆரம்பித்தது. ஒரு டெய்லரோ ஆட்டோ ஓட்டுநரோ எட்டிப் பார்க்கவும் முடியாத தொகை.

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதற்கு நல்ல சான்று சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. இதில் கவனிக்க வேண்டியது, எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. நடப்பவர் இளைக்காமல் போகலாம், நடந்ததன் பலன் அவருடைய ரத்தத்தில் சேர்ந்திருக்கும். தராசு முள்ளை மட்டும் பார்த்து ஒருவருடைய பொறுப்பை அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பொறுப்பு இன்னொரு இடத்திலும் இருக்கிறது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்கு, அவற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைப் பொறுத்து வரி போட்டது. 100 மில்லிக்கு 8 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் அப்போது லிட்டருக்கு 24 பென்ஸ், 5 கிராமுக்குக் கீழ் என்றால் வரியே இல்லை. வரி அமலுக்கு வரும் முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவர் யாரும் சபதம் எடுக்கவில்லை, அவர் குடித்த சர்க்கரை குறைந்தது. இந்தியாவிலும் குளிர்பானங்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. சர்க்கரை நிறைந்த பானத்துக்கும் சர்க்கரையே இல்லாததற்கும் அதே 40 சதவீதம். சர்க்கரையைக் குறைத்தால் எங்களுக்கு என்ன லாபம் என்று கம்பெனி கேட்டால் நம் சட்டத்திடம் பதில் இல்லை. இதை மாற்ற வரி விகிதத்தைத் திருத்தினால் போதும். உடனே செய்ய வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். ஆகவே இந்தப் பில் நம் வீடுகளுக்கும் வரும். நம் மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடம் உண்டா என்றால், உண்டு. பலருக்கு அது தெரியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் விதிப்படி 18 வயது நிறைந்தவருக்கு, டாக்டரின் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத நீரிழிவு ஆகியவற்றில் ஏதேனும் இருக்க வேண்டும், மற்ற வழிகளை முயன்று பலனில்லாமல் போயிருக்க வேண்டும்.

40, 35 என்ற இந்த எல்லைகள் 1991இல் அமெரிக்க நிபுணர்கள் அமெரிக்கர்களுக்காக வகுத்தவை. நமக்கு நீரிழிவும் இதய நோயும் அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வந்துவிடுகின்றன. 2022இல் உலக அறுவைச் சிகிச்சை நிபுணர் அமைப்புகளே அந்தப் பழைய எல்லையைக் கைவிட்டு, ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 70 கிலோ. நம் விதி அதே ஆளை நீரிழிவு முற்றிய நிலையிலும் 90 கிலோ வரை காத்திருக்கச் சொல்கிறது. அந்த விதி மாற வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டில் இந்த நிலையில் ஒருவர் இருந்தால், பாலிசியில் உடல்பருமன் பற்றிய விலக்குப் பிரிவைத் தேடிப் படியுங்கள். செய்து பார்த்த உணவுக் கட்டுப்பாடுகளையும் மருந்துகளையும் தேதியோடு டாக்டரின் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரவில் குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். 5 வயதுக்குள் ஒரு குழந்தை அடங்காப் பசியோடு எடை போட்டால், ஹார்மோன் நிபுணரிடம் கூட்டிப்போய் மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கிளைமை நிராகரித்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது.